விதைநெல்லும் ஹார்டு டிஸ்க்கும்: ஒரு பல்கலைக்கழகத் துறை தன் ஃபைல்களை எப்படிக் காப்பாத்தணும்?

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்குது.

2 வருஷத்துக்கு முன்னாடி, ராத்திரி 11 மணி இருக்கும். நாகப்பட்டினத்துல ஸ்கூல்ல என்கூடப் படிச்ச நண்பன் கூப்பிட்டான். ஸ்கூல் முடிஞ்சு நான் இன்ஜினியரிங் பக்கம் போயிட்டேன். அவன் எம்.எஸ்சி. முடிச்சு பிஎச்.டி. சேர்ந்திருந்தான். இறால் குட்டைத் தண்ணி பத்தின ஆராய்ச்சி. உப்பு எவ்வளவு, கரைஞ்ச ஆக்ஸிஜன் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவுன்னு 3 வருஷமா வாராவாரம் பைக்ல போய் அளந்துட்டு வந்த கணக்கு.

"மச்சான், கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம் வருது"ன்னான்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஹார்டு டிஸ்க்ல தகவலைப் படிக்கிற ஹெட், படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும்போது வர்ற சத்தம் அது. உடனே கேட்டேன்: "பேக்கப் இருக்காடா?"

"இருக்குடா. எல்லாத்தையும் டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கேன்."

இங்கதான் ஒரு நிமிஷம் என்னால பேசவே முடியல. அவனோட கம்ப்யூட்டர்ல இருந்தது ஒரே ஒரு டிஸ்க். சி டிரைவ், டி டிரைவ் ரெண்டும் அந்த ஒரே டிஸ்க்கை நடுவுல கோடு போட்டுப் பிரிச்ச ரெண்டு பகுதி. ஒரே வீட்டுல ரெண்டு ரூம் மாதிரி. வீடே இடிஞ்சா எந்த ரூம்ல வெச்சிருந்தா என்ன?

"டிபார்ட்மென்ட் சர்வர்ல ஏதாவது?"

"சர்வர்னு ஒண்ணு ஏசி ரூம்ல இருக்கு. அதுல எப்படிப் போடணும்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்லடா."

கவனிங்க, அவன் அலட்சியமான ஆள் கிடையாது. காப்பி எடுக்கணும்னு தெரிஞ்சு, எடுத்தும் வெச்சிருந்தான். ஆனா எது பேக்கப், எது பேக்கப் மாதிரி தெரியுற வேற ஒண்ணுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. அந்த வேலையை ஒவ்வொரு மாணவன் தலையிலயும் கட்டாம துறையே எடுத்துச் செஞ்சா எப்படி இருக்கும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். நண்பனுக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

முதல் கேள்வி: எதைக் காப்பாத்தணும்?

ஒரு சராசரி துறையை எடுத்துக்குவோம். ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், அலுவலகம் எல்லாம் சேர்த்து 50 பேர். இவங்க ஃபைல் எங்கெல்லாம் கிடக்கும்? சொந்த லேப்டாப்ல, லேப் கம்ப்யூட்டர்ல, பென் டிரைவ்ல, வாட்ஸ்அப்ல, தனக்குத்தானே அனுப்பிக்கிட்ட மெயில்ல. இத்தனை இடத்துல சிதறிக் கிடக்குறதை யாராலயும் ஒழுங்கா பேக்கப் எடுக்க முடியாது.

அதனால முறையா நடக்குற துறைகள்ல முதல் வேலை, எல்லாருக்கும் சர்வர்ல ஆளுக்கு ஒரு இடம் கொடுக்குறது. லினக்ஸ் உலகத்துல இதை ஹோம் டைரக்டரின்னு சொல்வாங்க. நீங்க எந்த லேப் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணாலும் அதே ஃபோல்டர் திறக்கும். ஃபைல் உண்மையில இருக்குறது சர்வர்ல. மாணவர்கள் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். சிஸ்டம் அட்மின் ஒரே ஒரு இடத்தைப் பாத்துக்கிட்டா போதும்.

இன்னொண்ணும் உண்டு. மார்க் லிஸ்ட், வருகைப் பதிவு மாதிரி டேட்டாபேஸ்ல இருக்குற விஷயங்களை, ஓடிக்கிட்டே இருக்கும்போது அப்படியே காப்பி பண்ணக் கூடாது. பாதி எழுதின நிலைமையில காப்பி ஆகிடும். டேட்டாபேஸ்கிட்டயே "இந்த நிமிஷத்துல இருக்குற நிலையை ஒரு ஃபைலா எழுதிக் கொடு"ன்னு கேட்டு, அந்த ஃபைலைத்தான் பேக்கப்ல சேர்க்கணும். அதுக்குப் பேர் டம்ப்.

ரெண்டாவது கேள்வி: தினமும் எல்லாத்தையும் எடுக்க முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆளுக்கு 10 ஜிபின்னு வெச்சா 50 பேருக்கு 500 ஜிபி. துறைக்குள்ள நெட்வொர்க் விநாடிக்கு 100 மெகாபிட். அதாவது விநாடிக்கு சுமார் 12.5 எம்பி. இந்த வேகத்துல 500 ஜிபியை நகர்த்த 40,000 விநாடி ஆகும். கிட்டத்தட்ட 11 மணி நேரம். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்சா காலையில 8 மணிக்குத்தான் முடியும். மாணவர்கள் வந்து உக்காரும்போதும் நெட்வொர்க் திணறிக்கிட்டு இருக்கும். 30 நாள் இப்படி எடுத்தா 15 டிபி இடம் வேணும்.

ஆனா ஒரு நாள்ல உண்மையில மாறுறது எவ்வளவு? பெரும்பாலான ஃபைலை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. மாறினது 5 ஜிபின்னு வெச்சுக்கலாம். அதை மட்டும் எடுத்தா 7 நிமிஷம்கூட ஆகாது.

காலேஜ் வாசல்ல இருக்குற ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்கோங்க. நல்லா நோட்ஸ் எடுக்குற பொண்ணோட நோட்டை ஞாயித்துக்கிழமை முழுசா ஜெராக்ஸ் போட்டீங்க. திங்கட்கிழமை அவங்க புதுசா 4 பக்கம் எழுதினாங்க. மறுபடி முழு நோட்டையுமா ஜெராக்ஸ் போடுவீங்க? அந்த 4 பக்கம் போதும். ஞாயித்துக்கிழமை போட்டது ஃபுல் பேக்கப். முந்தின காப்பிக்கு அப்புறம் மாறினதை மட்டும் எடுக்குறது இன்கிரிமென்டல் பேக்கப்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வியாழக்கிழமை சர்வர் போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை ஃபுல்லோட திங்கள், செவ்வாய், புதன் மூணையும் வரிசையா சேர்த்தாதான் முழுசு கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காப்பி கெட்டுப் போயிருந்தா அந்த இடத்துல சங்கிலி அறுந்துடும். அதனால சில இடங்கள்ல டிஃபரன்ஷியல்னு ஒரு முறை வெச்சிருப்பாங்க. தினமும், போன ஞாயிறுக்கு அப்புறம் மாறின எல்லாத்தையும் சேர்த்து எடுப்பாங்க. நாள் போகப் போக அளவு கூடும். ஆனா திரும்ப எடுக்க ரெண்டே துண்டு போதும்: ஞாயிறோட ஃபுல், கடைசி நாளோட டிஃபரன்ஷியல்.

இது ஒரு துறையோட பிரச்சினையில இருந்தே பிறந்த கதை

1990களோட தொடக்கத்துல அமெரிக்காவுல மேரிலாந்து பல்கலைக்கழகத்தோட கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்கு இதே தலைவலி வந்துச்சு. ஒரே பெரிய கம்ப்யூட்டர் இருந்த காலம் போய், ஆளாளுக்கு மேஜையில ஒரு வொர்க்ஸ்டேஷன் வந்திருந்தது. ஒவ்வொண்ணுலயும் தனி டிஸ்க். ஒவ்வொரு மேஜையா போய் டேப் மாத்திக்கிட்டு இருக்க முடியாதுல்ல?

அங்க ஜேம்ஸ் டா சில்வாங்கிறவர் எழுதின மென்பொருள்தான் அமாண்டா. அந்தப் பேரோட விரிவுக்குள்ளேயே மேரிலாந்து இருக்கு. ஐடியா எளிமையானது. நல்ல கொள்ளளவு இருக்குற ஒரு டேப் டிரைவ் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல. ராத்திரியானா எல்லா வொர்க்ஸ்டேஷனும் ஒரே நேரத்துல தன் காப்பியை நெட்வொர்க் வழியா அந்தக் கம்ப்யூட்டரோட டிஸ்க்குக்கு அனுப்பும். அங்க இருந்து டேப்புக்கு ஒண்ணு ஒண்ணா எழுதும். மனுஷன் செய்ய வேண்டியது டேப்பை மாத்துறது மட்டும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், எந்த ராத்திரி எந்த டிஸ்க்குக்கு ஃபுல், எதுக்கு இன்கிரிமென்டல்னு அமாண்டாவே திட்டம் போடும். எல்லாத்தோட ஃபுல்லும் ஒரே ராத்திரியில வந்து குவியாம, சுழற்சி முறையில பிரிச்சு விடும். நம்ம ஊர்ல ஆத்துத் தண்ணியை முறை வெச்சு வாய்க்கால் வாய்க்காலா திறந்து விடுற மாதிரி. அமாண்டா இன்னைக்கும் இலவசமா கிடைக்குது.

இன்னொரு கருவி ஆர்சிங்க். 1996ல ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ்னு ரெண்டு பேர் எழுதினது. அவங்க இருந்ததும் பல்கலைக்கழகத்துலதான், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம். ஒரு பெரிய ஃபைல்ல ரெண்டு வரி மாறியிருந்தா, முழு ஃபைலையும் அனுப்பாம மாறின துண்டை மட்டும் அனுப்பும். மெதுவான இன்டர்நெட் இருக்குற ஊர்ல இது வரப்பிரசாதம். ஒரு பழைய கம்ப்யூட்டர், ரெண்டு ஹார்டு டிஸ்க், ஆர்சிங்க் இருந்தா ஒரு சின்னத் துறைக்கு பேக்கப் ஆரம்பிச்சிடலாம்.

எத்தனை நாள் வெச்சிருக்கணும்?

ஃபைல் போனது உடனே தெரிஞ்சா பிரச்சினை சின்னது. நிஜத்துல அப்படி நடக்காது. ஜனவரியில தப்பா ஒரு ஃபோல்டரை டெலிட் பண்ணியிருப்பீங்க. மார்ச்ல கைடு கேட்கும்போதுதான் தேடுவீங்க. கடைசி 7 நாள் காப்பி மட்டும்தான் இருக்குன்னா கதை முடிஞ்சது.

இதுக்குத் தாத்தா–அப்பா–மகன்னு ஒரு பழைய முறை இருக்கு. தினசரி காப்பி மகன், 2 வாரம் வெச்சிருப்போம். வாராந்திரக் காப்பி அப்பா, 2 மாசம். மாதாந்திரக் காப்பி தாத்தா, ஒரு வருஷம். பழசாக ஆக இடைவெளி கூடும், ஆனா ஒரேயடியா காணாமப் போகாது.

பேக்கப் மாதிரி தெரியும், ஆனா இல்ல

சிஸ்டம் அட்மின்கிட்ட "சார், பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டா சில இடத்துல "ரெய்டு போட்டிருக்கோம்பா"ன்னு பதில் வரும். ரெய்டுன்னா, எளிமையான வடிவத்துல, ஒரே தகவலை ஒரே நேரத்துல ரெண்டு டிஸ்க்ல எழுதுறது. ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணு தாங்கும், வேலை நிக்காது. நல்ல விஷயம்தான். ஆனா நீங்க தப்பா ஒரு ஃபைலை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடியில அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும்.

சிங்க்கும் அப்படித்தான். "கூகுள் டிரைவ்ல இருக்கு ப்ரோ"ன்னு நாம எல்லாரும் சொல்லுவோம். லேப்டாப் ஃபோல்டரை டிரைவோட சிங்க் பண்ணியிருந்தா, லேப்டாப்ல அழிச்சது டிரைவ்லயும் போகும். குப்பைத் தொட்டியில 30 நாள் இருக்கும், அதுக்கப்புறம் தானா போயிடும். ஜனவரியில அழிச்சு மார்ச்ல தேடுற ஆளுக்கு இது உதவாது. அதோட, காலேஜ் மெயில் ஐடியில இருக்குற டிரைவ், நீங்க படிப்பு முடிச்சதும் அந்த ஐடியோட சேர்ந்து மூடப்படலாம்.

சரி, தனியா ஒழுங்கா பேக்கப் எடுத்தா மட்டும் போதுமா? 2021 டிசம்பர்ல ஜப்பானோட கியோட்டோ பல்கலைக்கழகத்துல நடந்ததைக் கேளுங்க. அவங்க சூப்பர் கம்ப்யூட்டரோட பேக்கப் புரோகிராம்ல, பழைய லாக் ஃபைல்களை அழிக்கிற ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அதைப் புது வெர்ஷனா மாத்தினாங்க, பழசு ஓடிக்கிட்டு இருக்கும்போதே. பாதியில ஸ்கிரிப்ட் மாறினதால ஒரு மாறிக்கு மதிப்பே இல்லாம போச்சு. லாகை அழிக்க வேண்டியது, ஆராய்ச்சியாளர்களோட ஃபைலை அழிக்க ஆரம்பிச்சிடுச்சு. போனது சுமார் 77 டிபி, ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் ஃபைல். பாதிக்கப்பட்டது 14 ஆராய்ச்சிக் குழு. அதுல 4 குழுவோட ஃபைலைத் திரும்ப எடுக்கவே முடியல.

காப்பாத்த வந்த புரோகிராமே அழிச்சது. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம்: ஒரு காப்பியையாவது, இன்னொரு காப்பியை அழிக்கிற அதே கை தொட முடியாத இடத்துல வைக்கணும்.

இதே பாடத்தோட நல்ல பக்கம் டெல்லி எய்ம்ஸ்ல தெரிஞ்சது. 2022 நவம்பர் 23 அன்னைக்கு அங்க சர்வர்களை ரான்சம்வேர் பூட்டிப் போட்டுச்சு. நாள் கணக்குல எல்லாம் பேப்பர்ல எழுதித்தான் வேலை நடந்தது. ஆனா இ-ஹாஸ்பிடல் தகவல்கள் எல்லாம் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்ல இருந்து மீட்கப்பட்டதுன்னு அரசு நாடாளுமன்றத்துல சொன்னது. அந்த ஒரு சர்வர் தப்பிச்சதுதான் வித்தியாசம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்

இதுவரை பேசினது எந்த ஊருக்கும் பொருந்தும். நாகப்பட்டினத்துக்குன்னு ஒரு தனிக் கணக்கு இருக்கு.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நான் அப்போ ஆரம்பப் பள்ளியில படிச்சுக்கிட்டு இருந்தேன். நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த இழப்போட எந்த ஃபைலையும் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் மாட்டேன். ஆனா உயிர் பிழைச்சவங்களுக்கு அடுத்த மாசமே ஒரு கேள்வி வந்தது. ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் எல்லாம் தண்ணியோட போச்சு, இனி நான் யாருன்னு எப்படி நிரூபிக்கிறது?

மார்க் ஷீட் தொலைஞ்சா டூப்ளிகேட் வாங்க முடியுது. ஏன்? அந்த மார்க்கோட பதிவு சென்னையில தேர்வுத் துறையில இருக்கு. கடல் இங்க வந்துச்சு, அங்க போகல. அவ்வளவுதான் காரணம்.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் விழுந்தது. பல கிராமத்துக்கு நாள் கணக்குல, வாரக் கணக்குல கரண்ட் இல்ல. சர்வர் ரூம் நனையாமலே இருந்தாலும், கரண்ட் இல்லாத சர்வர்ல இருக்குற காப்பியை யாரால எடுக்க முடியும்? திரும்ப வர்ற கரண்ட்டும் ஏறி இறங்கி வந்தா டிஸ்க்குக்கு ஆபத்து.

அதனால பேக்கப் உலகத்துல 3-2-1ன்னு ஒரு விதி சொல்வாங்க. பீட்டர் குரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலப்படுத்தினது. மொத்தம் 3 காப்பி. 2 வகையான சேமிப்பு. அதுல 1 வேற ஊர்ல. பெங்களூர்ல இருக்குற டீமுக்கு அந்த 1 ஒரு நல்ல பழக்கம். நாகைக்கு அதுதான் முதல் விதின்னு நான் சொல்லுவேன். காப்பியை எதிர் பில்டிங்ல வெச்சா தீ விபத்துக்குத் தப்பிக்கும், கடலுக்குத் தப்பிக்காது. இன்னொரு கடற்கரை ஊர்ல வெச்சாலும் யோசிக்கணும். 2004ல அலை ஒரு ஊருக்கு மட்டும் வரல, கரை முழுக்க வந்தது.

நம்ம ஊர்லயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. 2012ல தொடங்கின மீன்வளப் பல்கலைக்கழகம், தலைமையிடம் நாகப்பட்டினம். அதோட பழைய கல்லூரி தூத்துக்குடியில, இன்னொண்ணு பொன்னேரியில. மீன் படிப்புன்னா கடல் ஓரத்துலதான் இருக்கும், அது இயல்பு. இப்படி கரையோரமே இருக்குற எந்த நிறுவனமும், வேற ஊர் காப்பிக்கு உள்நாட்டைத்தான் பாக்கணும்னு மேப் சொல்லுது. தஞ்சாவூர் சுமார் 80 கிலோமீட்டர், திருச்சி சுமார் 140. ரெண்டுலயும் பல்கலைக்கழகங்கள் இருக்கு. ஒரு துறை இன்னொரு ஊர்த் துறையோட பேசி, "உன் காப்பி என்கிட்ட, என் காப்பி உன்கிட்ட"ன்னு வெச்சுக்கலாம். ரெண்டு ஹார்டு டிஸ்க், ஆர்சிங்க், ஒரு ஒப்பந்தக் கடிதம். பெரிய செலவில்ல.

ஒரே நிபந்தனை, அனுப்புறதுக்கு முன்னாடி என்கிரிப்ட் பண்ணணும். உள்ள மாணவர்களோட மார்க், போன் நம்பர் எல்லாம் இருக்கு. அந்த என்கிரிப்ஷன் சாவியை அதே சர்வர்ல மட்டும் வெச்சிடாதீங்க. சர்வரோட சாவியும் போனா, தஞ்சாவூர்ல இருக்குற காப்பி வெறும் குப்பை. பிரிண்ட் எடுத்துக் கவர்ல ஒட்டி, துறைத் தலைவர்கிட்ட ஒண்ணு, வெளியூர்ல ஒண்ணு.

வேற பொருள், வேற ஊர்ங்கிறதுக்கு நாகைகிட்டயே 1,000 வருஷப் பழைய உதாரணம் இருக்கு. ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தோட வருமானத்தைக் கொடுத்தார். வாயால சொன்ன உத்தரவு ஓலைக்குப் போச்சு. அவர் மகன் ராஜேந்திரன் அது நிலைக்கணும்னு செப்பேட்டுல வெட்ட வெச்சார். விகாரத்தோட கடைசிக் கோபுரம் 1867ல இடிக்கப்பட்டது. செப்பேடு அதுக்கு முன்னாடியே நெதர்லாந்துல லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது போன விதம் வேற விவாதம், இன்னொரு எபிசோடு. ஆனா கட்டடம் இல்லாம போன பிறகும் அதைப் பத்தின தகவல் நமக்கு வரிவரியா கிடைக்குறதுக்குக் காரணம், ஓலையில இருந்ததைச் செம்புலயும் ஏத்தினதுதான்.

கடைசிக் கேள்வி: முளைக்குமா?

என் பாட்டி ஊர் கீழ்வேளூர் பக்கம். அங்க விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோட சேர்த்து வைக்க மாட்டாங்க. தனிக் கோட்டை, தனி இடம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதுல கை வைக்கக் கூடாது. விதைக்கிறதுக்கு முன்னாடி பாட்டி இன்னொரு வேலை செய்வாங்க. ஒரு கைப்பிடி நெல்லை ஈரத்துணியில கட்டி வைப்பாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு அவிழ்த்து, எத்தனை முளை விட்டிருக்குன்னு எண்ணுவாங்க. முளை சரியில்லன்னா அந்த விதை வயலுக்குப் போகாது. பாக்க நெல் மாதிரிதான் இருக்கும், ஆனா அதை நம்பி நாத்து விட முடியாது.

பேக்கப்ல இந்த ஈரத்துணி வேலைக்குப் பேர் ரெஸ்டோர் டெஸ்ட். பெரும்பாலான இடத்துல இது நடக்குறதே இல்ல. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டார். பேக்கப்னு அவங்க பல வழி வெச்சிருந்தாங்க. அவசரத்துக்குப் போய்ப் பார்த்தா, தினசரி டம்ப் சத்தமில்லாம ஃபெயில் ஆகிக்கிட்டே இருந்திருக்கு. அது ஃபெயில் ஆனதைச் சொல்ல வேண்டிய மெயிலும் வந்து சேரல. தற்செயலா 6 மணி நேரம் முன்னாடி ஒருத்தர் எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அந்த 6 மணி நேரத் தகவல் போச்சு. நடந்ததை மறைக்காம அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. அதை வேலைக்குச் சேர்ந்த புதுசுல படிச்சேன். இன்னைக்கும் எனக்கு பயம் போகல.

ஒரு துறைக்கு இதைச் செய்ய மாசத்துல அரை மணி நேரம் போதும். முதல் திங்கட்கிழமை, ஏதோ ஒரு ஆளோட ஏதோ ஒரு பழைய ஃபைலை பேக்கப்ல இருந்து எடுத்துத் திறந்து பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, வேற ஊர் காப்பியில இருந்து முழு சர்வரையும் ஒரு காலி கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாருங்க. சிஸ்டம் அட்மின் லீவுல இருக்கும்போது இன்னொருத்தர் செஞ்சு பாத்தா இன்னும் நல்லது. அந்த முறை அவர் மண்டைக்குள்ள மட்டும் இருக்கா, பேப்பர்லயும் இருக்கான்னு அப்பதான் தெரியும்.

நீங்க கேட்க வேண்டிய 5 கேள்வி

கேட்டுக்கிட்டு இருக்குற நீங்க மாணவரா இருந்தா, நாளைக்கு டிபார்ட்மென்ட்ல மரியாதையா இந்த அஞ்சையும் கேளுங்க.

1. என் ஃபைலை எங்க வெச்சா துறை அதை பேக்கப் எடுக்கும்?
2. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்குறீங்க? அதாவது, நடுவுல போச்சுன்னா எத்தனை மணி நேர வேலை போகும்?
3. எவ்வளவு நாள் பழைய காப்பி வரைக்கும் கிடைக்கும்?
4. இந்த ஊர்ல இல்லாத காப்பி ஒண்ணு இருக்கா?
5. கடைசியா எப்போ ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாத்தீங்க?

பதில் சரியா வரலன்னா யாரையும் குறை சொல்ல வேண்டாம். பல இடத்துல சிஸ்டம் அட்மின்னு ஒருத்தர்தான் இருப்பார். பிரிண்டர், புரொஜெக்டர், வைஃபை எல்லாம் அவர் தலையிலதான். பேக்கப் ஓடுற வரைக்கும் அவரை யாரும் பாராட்ட மாட்டாங்க. ஒரு தடவை ஓடலன்னா எல்லாரும் தேடுவாங்க. உங்க கேள்வி, அவர் பட்ஜெட் கேட்டு எழுதுற கடிதத்துக்கு ஒரு காரணமா இருக்கட்டும்.

அதுவரைக்கும் உங்க தீசிஸுக்கு நீங்களே காவல். லேப்டாப்ல ஒண்ணு. வாரம் ஒரு தடவை சொருகி, காப்பி எடுத்ததும் கழட்டி வைக்கிற வெளி ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு. கிளவுட்ல, காலேஜ் ஐடி இல்லாம சொந்த ஐடியில ஒண்ணு.

இப்போ நண்பன் கதைக்கு வர்றேன். டிஸ்க்கை டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட கொடுத்துப் பாத்தோம். உள்ள தட்டே கீறிப் போயிருந்தது. எதுவும் வரல.

ஆனா அவன்கிட்ட குட்டைக்கரையில நின்னு பேனாவால எழுதின 7 நோட்டு இருந்தது. வீட்டுல அலமாரியில, துணிக்கு அடியில. சில பக்கம் உப்புத் தண்ணி பட்டு மங்கியிருந்தாலும் படிக்க முடிஞ்சது. அவனும் அவன் தங்கச்சியும் மாறி மாறி உக்காந்து 4 மாசம் டைப் பண்ணாங்க. அளவுகள் திரும்பி வந்துச்சு. அது மேல செஞ்ச கணக்கு, வரைஞ்ச படம், எழுதி முடிச்ச ரெண்டு அத்தியாயம் எல்லாம் போனது போனதுதான். நடுவுல ஃபெல்லோஷிப் காலம் முடிஞ்சுபோச்சு. கடைசி 8 மாசம் டியூஷன் எடுத்துக்கிட்டே எழுதி முடிச்சான்.

போன மாசம் வைவா முடிஞ்சது. இப்போ அவன் டாக்டர். ட்ரீட் கொடுக்கும்போது ஒரு பென் டிரைவை என் கையில வெச்சான். "மச்சான், இது தீசிஸ். நீ சென்னைக்கு எடுத்துட்டுப் போயிடு"ன்னான்.

ரூமுக்கு வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, அதைச் சொருகித் திறந்து பாத்ததுதான். 212 பக்கமும் இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம் மக்களே. அதுக்குள்ள ஒரே ஒரு பழைய ஃபைலை உங்க பேக்கப்ல இருந்து திறந்து பாத்துட்டு வாங்க.